கரையோடு போனால் லாரி இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு லாரியின் பின்பக்கம் மனப்பாடம். 'ஒலி எழுப்பவும்', அதற்குக் கீழே கண்ணேறு படாமலிருக்கத் தொங்கும் ஒற்றைச் செருப்பு, இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் என்றால் மூன்று முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியில் ஒரு சிவப்புத் துணி. 1991-ல் நான் இங்கே வேலைக்கு வந்தபோது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஜி.என்.டி. ரோட்டில் எதிரே ஆந்திரா பஸ், பின்னால் ஸ்கிராப் லாரி. தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் ஒரு முழ அகலம் இருக்குமே, அதுதான் எங்கள் பங்கு.

மெயின்டனன்ஸ் பிரிவில் எனக்கு மூத்தவராக ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். ஆரணி ஆற்றங்கரையில் ஒரு கிராமம் அவருக்கு. எங்களையெல்லாம்விட அதிக தூரத்திலிருந்து வருவார்; ஆனால் எங்களைப் போல முகத்தில் கரி படிந்து, திட்டிக்கொண்டே வரமாட்டார். முழங்கால்வரை செம்மண், அவ்வளவுதான். எப்படிண்ணே என்று கேட்டேன்.

"ரோட்டுல வந்தாத்தான தொல்ல? கரைய புடிச்சி வா தம்பி. கரையோட போனா லாரி இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கவரைப்பேட்டை தாண்டி, புதுவாயலுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டி ஒரு சரிவு. அதில் இறங்கிக் கரைமேல் ஏறியதும் ஹாரன் சத்தம் முதுகுக்குப் பின்னால் போயிற்று. கொஞ்ச தூரத்தில் அதுவும் இல்லை. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் நாற்றங்கால், நடுவே பத்தடி அகலத்துக்குக் கிராவல். நான் பேசவே இல்லை. அவர் மட்டும் மோட்டார் பம்ப் காயில் எரிந்துபோன கதையை ஆரணி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியை இரண்டு ஆறுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து பிச்சாட்டூர் அணையைக் கடந்து, சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவனைத் தொட்டுக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குள் நுழைகிறது. பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் முடிகிறது. கொசஸ்தலை அதற்குத் தெற்கே, பூண்டியில் தேங்கி நின்று, மிச்சமிருந்தால் எண்ணூருக்குப் போகும். இவற்றுக்கு நடுவில் எண்ண முடியாத ஏரிகள், வரத்துக் கால்வாய்கள். ஒவ்வொன்றுக்கும் கரை உண்டு. ஒவ்வொரு கரைமேலும் பொதுப்பணித் துறை ஜீப் போய்வர அந்தக் காலத்தில் போட்ட ஒரு பாதை உண்டு. அந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொள்ளப் போட்டது. எங்கள் பக்கத்தில் லாரி இல்லாமல் போக வேண்டுமென்றால் தண்ணீர்க்காரன் போன வழியில்தான் போக வேண்டும்.

கிராவலிலும் தரம் உண்டு. புதிதாகக் கொட்டிப் பரப்பிய கிராவல் ஆகாது. சக்கரம் உள்ளே இழுக்கும், ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. இரண்டு மழை பெய்து, பத்து நாள் வெயில் காய்ந்து, ஜீப் நாலு தடவை போய்வந்தபின் இரண்டு தடமாக இறுகி நிற்கும். நடுவில் புல். அந்தத் தடத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனால் தார் ரோடு தோற்றது. கல்லென்று காற்றடித்துக்கொண்டு வருகிறவர்கள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் வந்து கடைகளில் நின்றபோது ஆலையில் பாதிப் பேர் வாங்கினார்கள். என் கருத்தில் அது வெறும் கனம். நான் ஓட்டியது அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், கறுப்பு, செயின் முழுக்க மூடியது. டி.ஐ. சைக்கிள் ஆலை அங்கே 1949-ல் வந்தது; இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மண் ரோட்டை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

போகப்போக, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சக்கரம் சொல்லிவிடும் என்கிற நிலைக்கு வந்தேன். பூண்டிப் பக்கம் உருண்டைக் கூழாங்கல், சைக்கிள் முழுக்கக் கடகடக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் சரளையும். பெரியபாளையத்தில் கரையிலேயே ஆற்று மணல் ஏறிக் கிடக்கும், இறங்கித் தள்ள வேண்டும். பொன்னேரியைத் தாண்டி லட்சுமிபுரம், ரெட்டிப்பாளையம் அணைக்கட்டுகளுக்குப் போனால் வண்டல் களி. காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை. நனைந்திருந்தால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் புகுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். தென்னை ஈர்க்கு வைத்துக் குடைந்து எடுக்க வேண்டியதுதான். கடைசியில் பழவேற்காட்டுக்கு அருகே மண்ணில் கிளிஞ்சல் நொறுங்கும் சத்தம். இரண்டு ஆறுகளும் மலையிலிருந்து எதை எங்கே விட்டுவிட்டு வந்தன என்பது அந்த வரிசையில் இருக்கிறது. கனமானதை முதலில் இறக்கிவைத்து, மெல்லியதைக் கடல்வரை கொண்டுவருகின்றன.

பூண்டிக் கூழாங்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. அல்லிக்குழி மலைப்பக்கத்திலிருந்து உருண்டு வரும் குவார்ட்சைட் கற்கள் அவை. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இந்தப் பக்கம் வந்தார். கொசஸ்தலைக்குச் சேரும் ஓர் ஓடை ஓரத்தில், அதிரம்பாக்கத்தில், கைக்கோடரிகள் கிடைத்தன. பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அதே இடத்தைத் தோண்டிக் காலம் கணித்தார்கள்: மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள், அதற்கு அடுத்த கட்டக் கருவிகள் இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன என்று 2018-ல் சொன்னார்கள். உலகப் புத்தகங்களில் மனிதன் நகர்ந்த கதையையே திருத்த வைத்த ஓடை இது. பூண்டியில் 1985 முதல் ஒரு தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. நான் போன நேரங்களில் எல்லாம் அங்கே கூட்டம் இல்லை.

அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் கைக்கோடரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தால், டயருக்குக் கீழே அதே கல். பழுப்பு, உள்ளே உடைந்த இடத்தில் மங்கிய மஞ்சள், விளிம்பைத் தடவினால் விரலைக் கீறுகிற கூர்மை. ஒருமுறை பாதையில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் பாந்தமாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் சீராகச் செதிள் செதிளாக எடுத்ததுபோல இருந்தது. ஆதிமனிதன் செய்ததா, போன வாரம் ஜீப் ஏறி உடைந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அங்கிருக்கிற கல்லை எடுத்துப் போகக் கூடாது என்பது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும்.

கூழாங்கல்லால் டயர் கிழிந்ததில்லை. எதிரி வேறு: சீமைக்கருவேல முள். கரை முழுக்க அந்த மரம்தான். வெட்டுகிறவர்கள் சுள்ளியைத் தலையில் கட்டிக்கொண்டு போகும்போது முள் கொட்டிக்கொண்டே போகும். காற்று இறங்கியதும் டியூபை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், அதைத் தேடுவதுதான் வேலை. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வர வேண்டும். வேகமாக ஓட்டினால் விரல்தான் பஞ்சராகும். சோத்துப்பெரும்பேடு, ஆரணி என்று எந்த ஊரில் கடை பிடித்தாலும், தண்ணீர் ஊற்றிய இரும்புச் சட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துவிட்டு, கடைக்காரர் முதலில் கேட்பது: "கரையில வந்தியா?"

கிருஷ்ணா கால்வாய்க் கரை எனக்குப் பிடித்தமான இன்னொரு வழி. 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சென்னையின் குடிநீருக்காகத் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுத்தர ஒப்புக்கொண்டன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது அது திட்டமாயிற்று: வழியில் போகிற 3 டி.எம்.சி. கழித்து, எல்லையில் நமக்கு 12. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவந்து, ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட்டில் கால்வாய் நம் எல்லைக்குள் நுழைகிறது. அங்கிருந்து பூண்டி 25 கிலோமீட்டர். முதல் தண்ணீர் வந்தது 1996-ல். கரை அதற்கு முன்பே வந்துவிட்டது. வெறும் சிமெண்டுக் கால்வாயை ஒட்டி, ஆளரவம் இல்லாத ஒரு கிராவல் பாதையில், வராத தண்ணீரோடு நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வருவதைப் பார்த்தது பின்னாளில். கண்டலேற்றில் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தாலும் இங்கே சேரச் சில நாள் ஆகும். நைட் ஷிப்ட் முடித்து நேராக ஊத்துக்கோட்டை போயிருந்தேன். ஜீரோ பாயிண்ட்டில் அதிகாரிகள் பூத்தூவிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கால்வாயில் தண்ணீரின் முன்நுனி கொஞ்ச தூரம் போயிருந்தது, அதைப் பிடித்தேன். வெள்ளம் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தால் ஏமாற்றம்தான். காய்ந்த சருகு, நுரை, பிளாஸ்டிக் பாட்டில், யாரோ விட்ட ஒரு ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில், ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. சிமெண்டு வெடிப்புகளில் இருந்த பூச்சிகளும் அரணைகளும் முன்னால் ஓட, கொக்குகள் தண்ணீரோடு கூடவே எட்டெட்டாக வைத்து நடந்து பொறுக்கின. அதோடு சேர்ந்து போக வேண்டும் என்றால் நான் பிரேக் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருந்தது. மதகு வந்தால் தண்ணீர் நிற்கும், நிரம்பும், தாண்டும். நானும் நிற்பேன். அனந்தேரிப் பக்கம் ஒரு லஸ்கர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், தண்ணி வருதானு பாக்க வந்தியா, மோட்டார் போட எடம் பாக்க வந்தியா?"

கால்வாயில் மோட்டார் வைத்து இறைப்பதைத் தடுப்பது அவர் வேலையில் ஒன்று. என் சைக்கிள் கேரியரை ஒரு பார்வை பார்த்து, டிபன் பாக்ஸ் தவிர ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் டீ வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு எத்தனையோ முறை அவரைப் பார்த்திருக்கிறேன். அளவுகோலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஷட்டர் திருகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, தன் பங்குக் கரையில் சைக்கிளில்தான் போவார். கரையில் சைக்கிள் ஓட்டுகிறவன் என்றால் உண்மையில் அவர்தான். நாங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்.

இந்த அமைதிக்கு விடுமுறை மாதம் ஒன்று உண்டு. ஆடி பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வடசென்னையே கிளம்பி வரும். ஆற்று மணலில் கூடாரம், அடுப்பு, ஆடு, கோழி, வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வருகிறவர்கள், ஒலிபெருக்கி. அந்த வாரங்களில் கரையில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் கிடைக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. காலம் காலமாக அந்த ஆற்றில் அவர்களுக்கு இருக்கிற உரிமையின் முன் என் சைக்கிள் எம்மாத்திரம்?

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன விதி பொய்த்தது வேறு விதமாக. ஆறு காய்ந்த வருஷங்களில் லாரி கரைக்கு வந்தது. மணலுக்கு முதலில், பிறகு ஏரிகளில் சவுடு மண்ணுக்கு. ஜீப் தடம் இரண்டும் முழங்கால் பள்ளமாயிற்று. கரையை வெட்டி ஆற்றுக்குள் இறங்கச் சரிவு போட்டார்கள். லாரி போன கிராவல் பொடியாகிவிடும். மாவு போல எழும்பும், கருவேல இலையெல்லாம் சிவந்து நிற்கும். புதுவாயல் பக்கம் ராத்திரியில் ஓடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். காலையில் எங்கள் சக்கரத்துக்கே தெரிந்துவிடும். 2019 கோடையில் பூண்டி தரை தட்டியபோது தண்ணீர் லாரி சேர்ந்துகொண்டது. இந்த இரண்டு ஆற்றுப் படுகையிலும் சென்னைக்குக் கிணறு போட்டு உறிஞ்சுவது புதிதல்ல, 1960-களில் ஐ.நா. உதவியோடு நடந்த நிலத்தடி நீர் ஆய்வுக்குப் பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுப் புலங்கள் வந்தன. உறிஞ்ச உறிஞ்ச மீஞ்சூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்து கிணறுகள் உப்பானதும் பழைய கதை. அந்தக் கோடையில் வயற்கிணறுகளிலிருந்தும் டேங்கர்கள் வரிசையாகப் போயின. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கரையில் லாரி இல்லாததற்குக் காரணம் கரை அல்ல, ஆற்றில் இருக்கிற தண்ணீர். நனைந்த ஆற்றில் லாரி இறங்காது. 2021 நவம்பரில் பூண்டியைத் திறந்துவிட்டு ஒதப்பை தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தபோது ஊரே சபித்தது. எனக்கு மட்டும், இரண்டு வருஷத்துக்குக் கரை நம்முடையது என்று ஓரத்தில் ஒரு சின்ன சந்தோஷம். வீட்டில் சொல்லவில்லை.

இத்தாலியில் டஸ்கனி என்ற பகுதியில், பழைய மண் சாலைகளுக்குத் தார் போட்டு மூடிவிடக் கூடாது என்பதற்காக 1997-ல் எரோய்கா என்று ஒரு சைக்கிள் ஓட்டம் தொடங்கினார்களாம். பழைய சைக்கிள்களில் உலகெங்கும் இருந்து வந்து ஓட்டுகிறார்கள். சென்னையிலிருந்தும் இப்போது விடியற்காலையில் தலைக்கவசத்தோடு பிள்ளைகள் பூண்டிக்கு வருகிறார்கள். தடித்த டயர், வளைந்த ஹேண்டில், கிராவலுக்கென்றே செய்த வண்டி. விலையைக் கேட்டால் நான் ஓய்வு பெறும்போது வாங்கிய பணத்தில் ஒரு பங்கு. வரட்டும். ஆனால் கரையைக் காப்பாற்றப் போகிறவர்கள் அவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காலை எட்டரை மணிக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஏரிக்கரைகளில் நின்று பார்த்தால் தெரியும். அரசு கொடுத்த சைக்கிளில், முன்னால் கூடையில் புத்தகப் பை, பின்னால் தங்கையோ தோழியோ, பஸ் வராத ஊரிலிருந்து பிளஸ் ஒன் பெண்கள் வரிசையாக வருவார்கள். 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லாருக்கும் சைக்கிள் கொடுக்கிறார்கள். கரை உடைந்தால் முதலில் மனு எழுதிக்கொண்டு போவது அவர்கள் வீட்டார்தான். ஒரு நாள் என்னைத் தாண்டிப் போன ஒரு பெண், திரும்பிப் பார்த்து, "தாத்தா, செயின் சத்தம் போடுது, எண்ண வுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் தண்ணீர்க்காரர்கள் புதிதாகவும் ஒரு கரை போட்டிருக்கிறார்கள். கண்ணன்கோட்டையிலும் தேர்வாய்கண்டிகையிலும் இருந்த ஏரிகளைச் சேர்த்து, அரை டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம், 2020 நவம்பரில் திறந்தது, சென்னைக்கு ஐந்தாவது. சத்தியமூர்த்தி மேயராக இருந்து முயன்று, 1940-ல் அடிக்கல் நட்டு, அவர் இறந்த மறுவருஷமான 1944-ல் முடிந்த பூண்டிக்குப் பிறகு, நகரத்துக்காகவென்று புதிதாகக் கட்டிய ஏரி அபூர்வம். ஒரு பக்கம் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டையின் ஆலைக் கூரைகள், இன்னொரு பக்கம் ஆந்திர மலை. அந்தக் கரைக்குள் போக வாட்ச்மேனிடம் கேட்க வேண்டும். அவர் முகத்தைப் பொறுத்தது.

இனி வரப்போவது பெரிய ரோடுகள். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் போகும் எல்லை வட்டச் சாலை ஒன்று, தச்சூரிலிருந்து சித்தூர் போகும் ஆறுவழிச் சாலை ஒன்று. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயலில் கல் நட்டபோது விவசாயிகள் மறித்து நின்றார்கள். வேலை நடக்கிற இடங்களில் வயலுக்கு நடுவே மண்ணை மலையாகக் கொட்டியிருக்கிறார்கள். அந்த மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்று நிறத்தைப் பார்த்தே ஊர்க்காரர் சொல்லிவிடுவார்.

போன தையில் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது, முழங்கால் தேய்ந்து சைக்கிளை மகன் எடுத்து உள்ளே வைத்துவிட்டான். புது ரோடு கரையைக் குறுக்கே வெட்டினால் நாம் எப்படிப் போவது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதா என்று அவரிடம் புலம்பினேன். வரப்பில் உட்கார்ந்து, எதிரே அறுவடை மெஷின் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அடியில வழி உடாம கட்ட முடியாது தம்பி. தோ, இந்த மெஷினு பூரணும். அதுக்குத்தான் ஊர்ல எல்லாரும் சண்ட போட்டு அளவு வாங்கியிருக்கான். மெஷினு பூந்தா உன் சைக்கிளும் பூந்துடும். நீ முதல்ல செயினுக்கு எண்ண போடு, அங்க வரும்போதே கேட்டுது."